ருஃபீனோவின் தாமதம்

ருஃபீனோ கட்டால்பாஸ் ஜெயித்தார் என்பதற்காக அம்பாரோ அவரைச் சந்தேகப்படவில்லை. ஜெயிக்கிறவர்கள் மேலெல்லாம் சந்தேகம் வந்தால் துப்பாக்கிப் பந்தயத்துக்கே வரக்கூடாது. அவர் ஜெயித்த விதம்தான் அவளை உறுத்தியது. தொடங்கச் சொல்லி டைமர் 'பீப்' என்றதும் மற்றவர்கள் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். ருஃபீனோவின் கை மட்டும் ஏதோ அனுமதிக்குக் காத்திருந்த மாதிரி ஒரு கணம் நின்றுவிட்டுப் போகும். அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பிடிக்கவே முடியாது. ஒரு இலக்கிலிருந்து அடுத்த இலக்குக்கு, நடையா வழுக்கலா என்று தெரியாதபடி போவார். இலக்கு அட்டைகளின் நடுவில் ஓட்டைகள் ஒட்டி ஒட்டி விழுந்திருக்கும். இவ்வளவு வேகமான ஆள் தொடக்கத்தில் மட்டும் ஏன் தூங்குகிறார்?

சான் இசித்ரோவில் மருந்துக்கடை வைத்திருந்தாள் அம்பாரோ துமான்காஸ். இலோய்லோ நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலையில், கரும்புக்காட்டுக்கு நடுவே இருந்த துப்பாக்கிக் கழகத்தின் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுடுவாள். அவள் சுட்டது சாதா துப்பாக்கிப் பிரிவில். கடையில் வாங்கிய துப்பாக்கி வாங்கின மாதிரியே இருக்க வேண்டும். மேலே குறி பார்க்கும் கண்ணாடி கிடையாது, முனையில் எடை கிடையாது. இடுப்பில் பெல்ட், உறை, தோட்டா நிரப்பிய மாற்று மேகசின்கள், அவ்வளவுதான். அந்தப் பிரிவில் பல வருடங்களாக அவள்தான் முதல். பாதுகாப்பு அதிகாரி வேலையையும் கழகம் அவள் தலையில்தான் கட்டியிருந்தது.

ருஃபீனோ அந்த வருடம்தான் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலை; ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஒப்பந்தத்துக்காக ஊரில் காத்திருந்தார். சாதா பிரிவுக்காரர்களிலும் சாதாவாக இருந்தார். தேய்ந்த தோல் உறை, வெளுத்த தொப்பி. காதில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஆரஞ்சு நிற நுரை அடைப்பான் இரண்டு. மற்றவர்கள் எல்லாம் பேச்சைப் பெரிதாக்கி வெடியை அமுக்கும் மின் காதுமூடி போட்டிருந்தார்கள்.

"நோங், கப்பல்ல சம்பளம் தர்றாங்களா, இல்ல மீனா குடுத்து அனுப்புறாங்களா? ஒரு காதுமூடி வாங்கக்கூடாதா?" என்று இளைஞர்கள் சீண்டுவார்கள். அண்ணன் முறையில் அங்கே எல்லாரும் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ருஃபீனோ எதற்கும் சிரிப்பார். கேலிக்கும் சிரிப்பார், கேள்விக்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் கேட்டதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கும். கர்வம் பிடித்தவர் என்று பெயர் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது முறையும் அம்பாரோவைத் தாண்டி அவர் முதலில் வந்தபோது பேச்சு கிளம்பியது. நுரைக்குள்ளே குட்டி ரேடியோ இருக்கிறது, யாரோ எங்கிருந்தோ அவருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்றார்கள். என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அம்பாரோ கேட்டுப் பார்த்தாள். இலக்குகள் எல்லாம் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் நிற்கின்றன, ரகசியமாகச் சொல்ல என்ன இருக்கிறது? அப்படியும் பேச்சு நிற்கவில்லை.

அவளுக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டிருந்தது. ருஃபீனோவின் மனைவி எடித்தா. ஒவ்வொரு பந்தயத்துக்கும் கணவருடன் வருவாள். நிழல் கொட்டகையில் நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். பக்கவாட்டில் பாதுகாப்புக் கயிறு எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு முன்னால் போய் வெயிலில் நிற்பாள். கையில் ஒரு சிவப்பு விசிறி. அவர் சுடப் போகும் முன் விசிறி விரிந்திருக்கும். சுட்டு முடிக்கும்போது மடங்கியிருக்கும்.

ஒரு ஞாயிறு அம்பாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்தாள். கடையில் கூட்டம் இல்லாத மத்தியானத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். பீப் அடிக்கிறது. விசிறி மடங்குகிறது. அப்புறம்தான் ருஃபீனோவின் கை அசைகிறது. மறுபடி ஓடவிட்டாள். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று. பீப், விசிறி, கை. ஒருமுறைகூட வரிசை மாறவில்லை.

ஏமாற்றுகிறார்கள் என்பது அவளுக்கு உறுதியானது. எதை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

போட்டி நடத்தும் கெர்வாசியோவிடம் படத்தைக் காட்டினாள். ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி; எதையும் லேசில் நம்பாத மனிதர். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, புழுக்கத்தில் நிற்கிற பொம்பளை விசிறியை விரிக்கவும் செய்வாள் மடக்கவும் செய்வாள் என்றார். இருந்தாலும் அவருக்கும் அரிப்பு தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு, உபகரணச் சோதனை என்று எல்லாரையும் நிறுத்தி, ருஃபீனோவின் காதடைப்பான்களை மட்டும் வாங்கி அமுக்கி, பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரை. வெறும் நுரை. ருஃபீனோ கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து புது ஜோடி எடுத்து உருட்டிச் செருகிக்கொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடித்தா அம்பாரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லி இந்தச் சோதனை நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே அது நடந்தது. ருஃபீனோ பாதிச் சுற்றில் இருந்தார். இலக்குகளுக்குப் பின்னால் குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மண்மேட்டின் உச்சியில் திடீரென்று ஒரு வெள்ளாடு ஏறி நின்றது; அதைத் துரத்திக்கொண்டு கரும்பு வெட்டும் பெண் ஒருத்தியின் தலை தெரிந்தது. "நிறுத்து" என்று டைமர் பிடித்திருந்த அதிகாரி கத்தினார். கொட்டகையில் இருந்த எல்லாரும் கத்தினார்கள். ருஃபீனோ நிற்கவில்லை. அடுத்த அட்டையில் இரண்டு குண்டு போட்டுவிட்டு அதற்கடுத்ததற்குத் திரும்பினார். எடித்தா விசிறியைப் போட்டுவிட்டு, கயிற்றைத் தாண்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். அவளைக் கண்டதும்தான் அவர் உறைந்து நின்றார். துப்பாக்கி முனை தரையைப் பார்த்தது.

குண்டு தாழ்வாகத்தான் போயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகவில்லை, ஆட்டுக்கும் ஆகவில்லை. கெர்வாசியோ வந்து விசாரித்தார். காற்று பலமாக அடித்தது, காதிலும் அடைப்பான், கேட்டிருக்காது என்று அவரே ஒரு சமாதானம் சொல்லி மறுபடி சுட விட்டார். ஆனால் அம்பாரோவால் அந்தச் சமாதானத்தை ஏற்க முடியவில்லை. அவளும் காதில் நுரை வைத்து, அதற்கு மேல் மூடியும் போட்டுச் சுடுகிறவள்தான். பத்துப் பேர் கத்தினால் வார்த்தை புரியாவிட்டாலும் கத்துகிறார்கள் என்றாவது தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் நீள மேசையில் சுட்ட கோழியும் சோறும் வைத்திருந்தார்கள். ருஃபீனோ அடைப்பான்களைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில், காலி வெடியுறைகள் நிறைந்த தகர டப்பா ஒன்று இருந்தது. அம்பாரோ சுற்றிக்கொண்டு போய், தெரியாமல் பட்டதுபோல அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

பித்தளை சிதறிய சத்தத்தில் மேசையே திரும்பியது. ஒருவர் கையில் இருந்த குளிர்பானம் சட்டையில் கொட்டியது. ருஃபீனோ மட்டும் கோழி எலும்பிலிருந்து சதையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான், அவரும் சாவகாசமாகத் திரும்பினார். அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

எடித்தா சிரிக்கவில்லை. அம்பாரோவைப் பார்த்தாள். இருவருக்கும் அந்தக் கணத்தில் எல்லாம் தெரிந்துபோயிற்று.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் எடித்தா அவளுக்காகக் காத்திருந்தாள்.

"என்ன இந்தாய், டப்பா தானாவா உருண்டுச்சு?" என்றாள். தங்கச்சி என்று கூப்பிடும் அந்தச் சொல்லில் பாசம் துளியும் இல்லை.

"நாந்தான் தள்ளுனேன், நாங் எடித்தா. அவருக்கு எவ்வளவு கேக்கும்?" அக்காவுக்குரிய அந்த 'நாங்'கை அம்பாரோ விடவில்லை.

எடித்தா முதலில் மழுப்பினாள். பிறகு மழுப்பிப் பயனில்லை என்று தெரிந்து சொன்னாள். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கொஞ்சம். இத்தனை வருடம் கப்பல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்தது அது. மிச்சம் இருக்கும் கொஞ்சமும் வெடிச் சத்தத்தில் போய்விடக்கூடாது என்றுதான் அவ்வளவு பத்திரமாக நுரையை உருட்டி வைத்துக்கொள்கிறார். பீப் அவருக்குக் கேட்டதே இல்லை. அவருக்கு பீப் என்பது விசிறி மடங்குவதுதான்.

அம்பாரோ யோசித்துப் பார்த்தாள். இவ்வளவு நாளாக அவர் ஏமாற்றி எடுத்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணத்தைத் தொலைத்துவிட்டுத்தான் ஜெயித்திருக்கிறார்.

"காது கேக்காதவங்களுக்கு விதி இருக்கு. சொல்லிட்டா போதும், அதிகாரி தோளைத் தட்டித் தொடங்கச் சொல்வாரு. நிறுத்தணும்னாலும் தட்டுவாரு. மறைக்கவே வேணாம்."

"அடுத்த மாசம் அவருக்கு மெடிக்கல். காது சரியில்லன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்க. அந்த கிளினிக் டாக்டரோட தம்பி உங்க கூடத்தான் சுடுறான். இங்க தோளைத் தட்டினா அங்க வேலை போயிடும்."

"அந்தப் பொண்ணு இன்னும் ரெண்டு அடி மேல ஏறியிருந்தா?"

எடித்தா அவள் பக்கம் ஓரடி நெருங்கினாள்.

"உண்மையச் சொல்லு. அந்தப் பொண்ணப் பத்தித்தான் உனக்குக் கவலையா? இல்ல, மாகாணப் போட்டி வருதே, அதப் பத்தியா?"

அம்பாரோவுக்குச் சுருக்கென்றது. சொன்னது பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. மாகாணப் போட்டி வருவது அவளுக்கும் ஞாபகத்தில்தான் இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுக்கவும் மாட்டேன் என்றாள். ஆனால் இப்படியே அவர் சுட வந்தால், பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் சுடும் கோட்டிலேயே நிறுத்துவேன் என்றாள். தோளைத் தட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வரட்டும், இல்லையென்றால் வராமல் இருக்கட்டும். எடித்தா வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ருஃபீனோ மனைவியின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன சொன்னாளோ, அவர் திரும்பி அம்பாரோவைப் பார்த்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

மாகாணப் போட்டிக்கு ருஃபீனோ வரவில்லை. அம்பாரோ முதலாவதாக வந்தாள். கோப்பையைக் கொடுத்த கெர்வாசியோ, ஒலிபெருக்கியில் வாழ்த்திவிட்டு, அதை அணைத்த பிறகு அவள் காதோரம் சொன்னார்: "அவங்க ரெண்டு பேர்கிட்டயும் வண்டிப் பக்கம் என்ன பேசுன? பார்த்தவங்க இருக்காங்க."

ஒன்றுமில்லை என்றாள். அதைத்தவிர வேறு எதையும் சொல்ல அவளுக்கு வழியில்லை. அவள் வாயைத் திறக்காததே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆனது. ரேடியோக் கதையை நேற்றுவரை பரப்பியவர்களே, அம்பாரோ அந்த மனிதரை மிரட்டி விரட்டிவிட்டாள் என்று இப்போது பேச ஆரம்பித்தார்கள். அவள் காதுமூடி பேச்சைப் பெரிதாக்கிக் கொடுக்கும் என்பதை மறந்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. சில நாட்கள் மூடியின் பொத்தானை அணைத்துவிட்டு நின்றாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் எடித்தா மருந்துக்கடைக்கு வந்தாள். ரத்த அழுத்த மாத்திரை கேட்டாள். அம்பாரோ எடுத்து வைத்தாள். எடித்தா அதைத் தொடவில்லை.

"மெடிக்கல்ல அவரத் தள்ளிட்டாங்க," என்றாள்.

மெல்ல மெல்ல விவரம் வந்தது. கப்பல் மெடிக்கலில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் மூடியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். இத்தனை வருடமும் ருஃபீனோ, கண்ணாடிக்கு அப்பால் பொத்தானை அமுக்கும் பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்துத்தான் கையைத் தூக்கித் தேறிவந்தார். இந்த முறை உள்ளே போனால் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களாக வந்து கதவைத் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலிய ஏன் திருப்பிப் போட்டாங்க? யாராவது சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் எடித்தா. "நீ சொன்னியா?"

"இல்ல."

"டாக்டர் தம்பிகிட்ட?"

"யார்கிட்டயும் சொல்லல, நாங்."

எடித்தா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "நம்பணும்னுதான் தோணுது. முழுசா வரமாட்டேங்குது," என்றாள். மாத்திரையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அன்று முழுக்க அம்பாரோவுக்குக் கடையில் கவனம் நிற்கவில்லை. தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த டப்பா உருண்ட நாளில் மேசையில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் டாக்டரின் தம்பி இருந்தானா, தான் பார்த்ததை அவனும் பார்த்தானா? குளிர்பானத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டது யார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. எடித்தாவின் கேள்விக்கு 'இல்லை' என்று சொன்ன பதிலில் அவளுக்கே ஒரு மூலையில் சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

கரும்பு வெட்டு தொடங்கிய சமயத்தில் ருஃபீனோ மைதானத்துக்குத் திரும்பி வந்தார். மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றைத் துறைப்பக்கம் போட்டிருந்தார். விரல் நகங்களில் கருப்பு ஏறியிருந்தது. நேராகக் கெர்வாசியோவிடம் போனார். நிழல் கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, காது கேட்காதவர்கள் பேசும் அந்த அளவு தெரியாத உரத்த குரலில் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காது. விதிப்படி தோளைத் தட்டித் தொடங்கச் சொல்லுங்க."

குட்டி ரேடியோவைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் மேகசின்களில் தோட்டா நிரப்புவதில் மும்முரமானார்கள். கெர்வாசியோ தொண்டையைக் கனைத்துவிட்டு, தாராளமாகச் செய்யலாம், யார் தட்டுவது என்று சுற்றிப் பார்த்தார். இரண்டு அதிகாரிகள் தயங்கினார்கள். பீப் ஒலிக்கும் அதே கணத்தில் கை தோளில் பட வேண்டும். முந்தினால் சலுகை, பிந்தினால் வஞ்சனை.

"அம்பாரோ தட்டட்டும்," என்றாள் எடித்தா. "அவரு ஜெயிச்சா ரெண்டாவதா வர்றவ அவதானே. எல்லாரும் அவ கையப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

அது நம்பிக்கையால் சொன்னதல்ல என்று எல்லாருக்கும் புரிந்தது. அம்பாரோ மறுக்கவில்லை. ஒரு கையில் டைமரைப் பிடித்துக்கொண்டு, ருஃபீனோவுக்கு வலப்பக்கம் பின்னால் போய் நின்றாள். மற்றக் கையை அவர் தோளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நிறுத்தினாள். கயிற்றுக்கு அப்பால் இருந்தவர்கள் இலக்குகளைப் பார்க்கவில்லை, ருஃபீனோவையும் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் தன் கைமேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே தாமதிக்கிறாள் என்று சொல்வார்களோ என்று பயந்து முந்திவிடுவேனோ, முந்திவிடுவேனோ என்று பயந்து பிந்திவிடுவேனோ என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் எதையும் யோசிக்காமல் இரண்டு கையையும் ஒன்றாக அமுக்கினாள்.

கை பட்ட அடுத்த கணம் அதற்குக் கீழே தோள் இல்லை. அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். அந்தப் பழைய தாமதம் இல்லாமல் ருஃபீனோ சுட்டதை அந்த மைதானம் அன்றுதான் பார்த்தது. நீட்டிய கையைத் திருப்பி எடுக்கவும் மறந்து அம்பாரோ அவர் பின்னால் ஓடினாள். வெடிகள் ஒரே துணியைக் கிழிக்கிற மாதிரித் தொடர்ந்து கேட்டு நின்றன. அவர் துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டு, அடுத்து என்ன என்று அவள் உதடுகளைப் பார்த்தார். உறையில் போடச் சொன்னாள். போட்டார்.

அம்பாரோ தன் முறை வந்தபோது நன்றாகத்தான் சுட்டாள். வாழ்நாளில் அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ருஃபீனோவை எட்டவே முடியவில்லை. இரண்டாவது இடம், அதுவும் நல்ல தூரத்தில். அவளுக்கு வலித்தது. வலிக்காத மாதிரி நடிக்கவும் தோன்றவில்லை.

சாமான்களை மூட்டை கட்டும்போது ருஃபீனோ அவளிடம் வந்தார். பக்கத்தில் எடித்தா.

"அடுத்த தடவை கொஞ்சம் மெதுவாத் தட்டு," என்றார் தோளைத் தேய்த்துக்கொண்டே. "எலும்பு வலிக்குது."

கேலியா, குறையா என்று அம்பாரோவுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் தேடினாள். அது எதையும் சொல்லவில்லை. சரி என்று உதடு அசைத்தாள். எடித்தா கணவரின் சட்டைக் காலரை விலக்கி, அங்கே விரல் தடம் ஏதும் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள்.